ஞாயிறு பத்து நிமிடம்

ஆறரைக்குப் பரிதி எழுந்தான். பல் தேய்த்தான். காப்பி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சாவியுடன் கீழ்த்தளத்துக்கு இறங்கி, சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் உறையை விலக்கி, ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினான். பத்து நிமிடம் ஆனதும் அணைத்தான். இது நாற்பத்தேழாவது ஞாயிறு.

பக்கத்து வண்டிகள் வெளிச்சத்தம் புகாமல் பஞ்சு போர்த்தி நின்றன. கோவையில் இப்போது பழைய வண்டிகளை யாரும் ஓட்டுவதில்லை. முன்கண்ணாடியின் இரு தகடுகளுக்கு நடுவே உள்ள பசைப்படலம், உள்ளே பேசியதையெல்லாம் பதிந்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒலிமீட்பி அதைக் குரலாக்கித் தரும். கடைசி ஏழு மணி நேரம் மட்டும். புதியது ஏற ஏறப் பழையது அழியும். குரல் உள்ள வண்டி காப்புவண்டி. அதைத் தெருவில் இறக்கக் கூடாது. குரல் இல்லாதது வாரவண்டி. ஞாயிறு காலைகளில் ஊட்டிப் பாதையில் ஓட்டிக்கொள்ளலாம். ஊட்டிப் பாதை காலியாகக் கிடந்தது.

சிவப்பு வண்டி அவன் மனைவி ரெஜினாவுடையது. அவள் இறந்து பதினொரு மாதம். அவள் குரலைக் கேட்கப் பரிதிக்குத் துணிவு வர இவ்வளவு நாள் ஆனது.

ஒன்பது மணிக்கு ஒலிமதிப்பாளர் நாச்சிமுத்து பெட்டியோடு வந்தார்.

"நேத்து பீளமேட்டுல ஒரு வண்டிங்க தம்பி. ஏழு மணி நேரமும் புருசன் பொண்டாட்டி சண்டை. அதையும் காப்புவண்டி ஆக்கிட்டாங்க."

கண்ணாடியில் ஒலிமீட்பியை ஒட்டிக் காதில் மாட்டிக்கொண்டார். வெகுநேரம் கழித்துக் கழற்றினார்.

"ஒரே உறுமலா இருக்குதுங்க. பேச்சே காணோம்."

"வண்டி வெளியவே போகலிங்க. நான் ஓட்டவே இல்ல."

"ஓட்டலீங்க, சரி. ஸ்டார்ட் பண்ணுனீங்களா?"

"வாராவாரம். பத்து நிமிஷம்."

நாச்சிமுத்து விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "ஏழே முக்கா மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்களே."

"நின்ன எடத்துலதாங்க."

"நின்னா என்னங்க, ஓடுனா என்னங்க? கண்ணாடிக்கு எல்லாச் சத்தமும் ஒண்ணுதான். ரெண்டு மாசம் முன்னாடி கூப்பிட்டிருந்தாக்கூட கடைசியாப் பேசுனது கெடச்சிருக்குமுங்க."

பரிதி தலையாட்டினான். அவர் கண்ணாடி ஓரத்தில் பச்சை வில்லையை ஒட்டினார். வாரவண்டி.

"இனி தாராளமா ஓட்டலாமுங்க."

"கியர் வண்டி எனக்கு ஓட்டத் தெரியாது. அவதான் ஓட்டுவா."

நாச்சிமுத்து அவனையே பார்த்தார். "அப்புறம் எதுக்குங்க ஸ்டார்ட் பண்ணுனீங்க? ஆரு சொன்னா?"

பரிதி உறையை எடுத்து வண்டிமேல் போர்த்தினான்.

பதினொரு மாதத்துக்கு முன்பு தலைவலிக்கு ஸ்கேன் எடுக்க அவளே ஓட்டி வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அணைத்துவிட்டுச் சாவியை அவன் கையில் கொடுத்தாள். ஒன்று சொன்னாள். கதவைத் திறந்து இறங்கியவள் அங்கேயே சரிந்தாள். பிறகு கண் விழிக்கவில்லை. வண்டியைத் தூக்கிவந்து கீழ்த்தளத்தில் விட்டார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது அவள் சொன்னது:

"உள்ள படுக்கச் சொன்னாலும் சொல்வாங்க. ஞாயித்துக்கிழமையானா மறக்காம பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுடா. இல்லேன்னா பேட்டரி செத்துரும்."