ஏறக்குறைய ஒன்று

சரவணம்பட்டியில் எல்லோருக்கும் கண் எரிந்தது. மாதேஸுக்கு வயிறும் சேர்ந்து எரிந்தது.

கண் எரிச்சலுக்குக் காரணம் கண்சில்லு. சுவர், சட்டை, பேருந்து எல்லாமே நிஜத்தில் வெறும் சாம்பல் நிறம். விழிமேல் ஒட்டிய சில்லுதான், மனித முகம் உட்பட எல்லாவற்றையும், கணக்குப் போட்டு வண்ணம் தீட்டிக் காட்டும். கணக்கு கூடினால் சூடும் கூடும். அதனால் மணிக்கொரு தரம் ஊரே சில்லைக் கழற்றி, கண்ணைக் கசக்கி, ஒருவரையொருவர் வெறும் கண்ணால் பார்த்துக்கொள்ளும்.

வயிற்றெரிச்சலுக்குக் காரணம் பக்கத்து நாற்காலி நந்தகோபன். வண்ண நிரல்களைப் படிப்படியாக மாற்றிச் சில்லுக்கு அனுப்பும் தொகுப்பி என்ற மென்பொருளில்தான் இருவருக்கும் வேலை. பார்வைக்கு வராத பொருளின் கணக்கை வெட்டியெறியும் ஒரு படியை நந்தகோபன் எழுதினான். சூடு அரை டிகிரி இறங்கியது. அன்றிலிருந்து ஆபீஸில் எதற்கெடுத்தாலும் நந்து, நந்து! மாதேஸ் உள்ளுக்குள் கருவினான். கருவிக்கொண்டே அவனைப் போலத் தாடி விட்டான், அதே பச்சைச் சட்டை வாங்கினான், வகிடைக்கூட மாற்றினான்.

பிறகு தானும் ஒரு படி எழுதினான். இரண்டு கணக்குக்கு ஒரே விடை என்றால், முதலாவதை மட்டும் போட்டு இரண்டு இடத்திலும் ஒட்டிவிடும். சூடு துளியும் இறங்கவில்லை. உலகத்தில் எதுதான் அப்படியே ஒன்றாக இருக்கிறது? 'ஒரே விடை' என்பதை 'ஏறக்குறைய ஒரே விடை' என்று தளர்த்தினான்.

"வேண்டாம் மாதேசு. வேலையக் குறைக்கலாம், விடைய மாத்தக்கூடாது. எங்கியாச்சும் இடிக்கும்," என்றான் நந்தகோபன்.

'பொறாமை பிடித்தவன்' என்று மாதேஸ் நினைத்தான், கொஞ்சமும் கூசாமல்.

இலை, செங்கல், மேகம் எல்லாவற்றிலும் சோதித்தான். மனிதர்களில் சோதிக்கத் தோன்றவில்லை. சூடு மூன்று டிகிரி இறங்கியது. ஊரில் ஒருவருக்கும் கண் எரியவில்லை.

பாராட்டு விழாவன்று காலை கண்ணாடியில் அச்சு அசல் நந்தகோபன் தெரிந்தான். தாடி ஒருவழியாக ஒழுங்காக வந்துவிட்டதென்று மாதேஸ் பூரித்துப்போனான். நந்தகோபன் லீவு போட்டிருந்தான். வயிறெரிந்துதான் வரவில்லை என்று அதிலும் ஒரு சந்தோஷம்.

மேலாளர் ஷகிலா பானு மேடையில் பெயரைச் சொன்னார். மாதேஸ் ஏறினான்.

"மாதேஸ் வரலீங்களா? அவருக்காக நீங்க வாங்கிக்கறீங்களா நந்து? நல்ல மனசுங்க உங்களுக்கு!"

அரங்கம் கைதட்டியது. மாதேஸுக்குக் காலையில் பார்த்த கண்ணாடி நினைவுக்கு வந்தது. அவன் எழுதிய படி இரண்டு முகத்தையும் 'ஏறக்குறைய ஒன்று' என்று ஒட்டிவிட்டிருந்தது.

"மேடம், நான்தான் மாதேஸ்! சில்லு தப்பாக் காட்டுது. ஒரே ஒரு நிமிஷம் கழட்டிப் பாருங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கைகூடக் கண்ணருகே போகவில்லை.

"எதுக்குங்க கழட்டோணும்?" என்றார் ஷகிலா பானு, கேடயத்தை நீட்டியபடி. "நம்ம மாதேஸ் புண்ணியத்துல இப்பத்தான் கண்ணே எரியறதில்லீங்களே, நந்து!"