ஒற்றைக் கையெழுத்துப் பத்திரம்

வியாழன் காலை ஒன்பது மணி. சூறாவளி வந்தால் பதுங்குவதற்கு வீட்டுக்குப் பின்னால் தோண்டியிருந்த புயல் குழியின் இரும்புக் கதவுமேல் விழுந்துகிடந்த எல்ம் மரக்கிளையை நான்கு பேர் சேர்ந்து புரட்டினார்கள். உள்ளே, மேல்படியில், ஓபல் க்ரைடர் இறந்துகிடந்தாள். விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. உயிர் போனது நேற்றிரவுதான் என்றார் மருத்துவர்.

ஞாயிறன்று ஓக்லஹோமாவின் அந்த மூலையைச் சூறாவளி உரசிக்கொண்டு போயிருந்தது. ஓபல் பயந்து குழிக்குள் இறங்கியிருக்கிறாள். கிளை கதவை அடைத்துவிட்டது. கணவன் ஹார்லன் சனிக்கிழமையே டல்சாவில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டானாம். இன்றுதான் திரும்பினானாம். காற்று செய்த கொலை என்று ஊர் முடிவுகட்டியது.

மதியம் இரண்டு மணிக்குத் துணை ஷெரீஃப் வெர்னன் டாக்கெட் வந்தபோது, சமையலறை மேசை நிறைய அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த துக்கச் சாப்பாடு. ஹார்லன் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"உக்காரு வெர்னன். ஓபல் இருந்தப்பகூட இப்படிச் சாப்பிட்டதில்ல."

"வாசல் மூலையில ஒரு பாத்திரம் கிடக்கே?"

"கூட்டத்துல யாராவது வச்சிருப்பாங்க."

வெர்னன் அதை ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தான். பாலாடைக்கட்டியின் மேல் பச்சைப் பூஞ்சணம், ஓரமெல்லாம் எறும்பு. பாத்திரம் திரும்பி வரவேண்டுமே என்று அடியில் பெயர் எழுதி ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். ஒட்டியிருந்த பெயர் லோரீன் பிப்ஸ். நீதிமன்றத்துக்கு எதிரே நிலப் பத்திரம் தட்டச்சு செய்பவள்.

"தபால் பெட்டியில இது இருந்துச்சு." லோரீனின் அலுவலக உறையை நீட்டினான். "பிரிச்சுக் காட்டு."

ஹார்லனின் தாடை நின்றது. மெதுவாகப் பிரித்தான். வீட்டையும் நாற்பது ஏக்கரையும் கோழிப்பண்ணைக் கம்பெனிக்கு விற்கும் பத்திரம். 'வேறெவருக்கும் உரிமையில்லை, வில்லங்கம் வந்தால் நானே தீர்த்துத் தருவேன்.' திங்கட்கிழமைத் தேதி. கீழே கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடு.

"ஓபல் விக்கவே மாட்டேன்னாளாமே?"

"கம்பெனி நாளை வரைக்கும்தான் கெடு குடுத்துச்சு. நெலம் என் பேர்ல இருக்கு."

"எங்கப்பா குடுத்த நெலமும் என் பேர்லதான் இருந்துச்சு. விக்கறப்ப என் பொண்டாட்டி மார்லீனும் வந்து கையெழுத்து போட்டாத்தான் ஆச்சுன்னுட்டாங்க. 'நான் இல்லாம உன்னால ஒரு முழம் மண்ணகூட விக்க முடியாது'ன்னு இன்னும் குத்திக் காட்டுறா."

ஹார்லன் எலும்பைத் தட்டில் வைத்தான்.

"குடியிருக்கற வீட்ட பொண்டாட்டி கையெழுத்தில்லாம விக்க முடியாது, ஹார்லன். லோரீன் ரெண்டாவது கோடு போடாம இருக்கணும்னா ஒரே காரணம்தான். முதல் வரியப் பாரு. 'மனைவியை இழந்தவர்'. திங்கட்கிழமை எழுதினது. ஓபல் செத்தது புதன்கிழமை ராத்திரி."

"லோரீன் ஏதோ தப்பா..."

"துக்கச் சாப்பாடும் தப்பா வந்துச்சா? இன்னிக்கு வச்ச சாப்பாட்டுல இன்னிக்கே பூஞ்சணம் பூக்காது. டல்சாவுல இருந்தவனுக்கு அவ குழியில மாட்டினது எப்படித் தெரியும்? சனிக்கிழமை நீ எங்கேயும் போகல. கிளை விழுந்தத பாத்த. அவ கூப்பிட்டதக் கேட்ட. மரம் அறுக்கற ரம்பம் உன் வண்டியிலயே இருக்கு. அப்புறம்தான் டல்சாவுக்குக் கெளம்பின. அவ கதை முடிஞ்சிருக்கும்னு நெனச்சு மறுநாள் லோரீனுக்குப் போன் பண்ணின."

"கிளைய நான் தள்ளல, வெர்னன்."

"தள்ளல. தூக்கவும் இல்ல."

விலங்கை மாட்டிவிட்டு, சுவரிலிருந்த தொலைபேசியில் லோரீனை அழைத்தான்.

"ஆமா சார், திங்கட்கிழமை அவரே போன்ல சொன்னார், ஓபல் தவறிட்டாங்கன்னு. மனசு கேக்கல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாடு செஞ்சு எடுத்துட்டு வந்தேன். கதவைத் தட்டினேன், யாரும் தொறக்கல. வீட்டுக்குப் பின்னாடி ஏதோ தட்டுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. கொட்டகைக் கதவு காத்துல அடிச்சுக்குதுன்னு நெனச்சு, பாத்திரத்த வாசல்லயே வச்சுட்டு வந்துட்டேன். ஏன் சார் கேக்கறீங்க?"