பழைய பொருத்திக்கு வந்த கடைசிச் சில்லு

"நம்ம பொருத்திக்கும் புதுச் சில்லு ஒண்ணு வந்திருக்குது, கவின்!" மருத்துவமனையின் அறிவிப்பைப் படித்துவிட்டுத் தர்ஷிகா கூவினாள்.

கவினின் காதுக்குப் பின்னால், எலும்பில் பதித்திருந்தார்கள், சில்லைச் செருகும் அந்தப் பொருத்தியை. பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு ஆட்களின் முகங்களையும் சொற்களையும் எடுத்துக் கொடுத்தது அதில் இருந்த நினைவுச்சில்லுதான். எலும்பு சுற்றி வளர்ந்துவிட்டதால் பொருத்தியை இனி மாற்ற வழியில்லை. சில்லை மாற்றலாம். ஆனால் பின்னால் வந்த வேகமான சில்லுகளுக்கெல்லாம் அடியில் செருகும் ஊசிமுனைகள் அதிகம். அந்தப் பழைய பொருத்தியில் உட்காராது. இப்போதுதான் அதில் உட்காரும்படி ஒன்று வந்திருந்தது.

"வேகமா இருந்து... என்ன பண்ணப் போறேன்?" என்றார் கவின். சொல்லுக்குச் சொல் இடைவெளி விழுந்தது.

"எனக்காகப் போட்டுக்க."

அவளுக்குப் பழைய கவின் வேண்டும். கல்லூரி விடுதியில் அவளுக்குப் பாகம் பாகமாக வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தவன். வாங்கி வந்த பிராசஸர் மதர்போர்டில் உட்காரவில்லை. இரண்டு பேரும் டவுன் பஸ் ஏறிக் காந்திபுரம் போனார்கள். கடைக்காரர் மாற்றித்தர மாட்டேன் என்றார். வெளியே கொட்டுகிற மழை. கடை வாசலில் ஒதுங்கி நின்றபோதுதான் முதன்முதலாக அவள் கையைப் பிடித்தான். இப்போது அந்தக் கதையைத் தொடங்கிப் பாதியில் சொல் தேடி நிற்பார். அவள் எடுத்துக் கொடுப்பாள்.

புதுச் சில்லு கச்சிதமாகப் பொருந்தியது. அன்று மாலையே கதையைக் கேட்டாள். பஸ்ஸின் நெரிசல், கடைக்காரரின் பச்சைச் சட்டை, அவள் முணுமுணுத்த வசவு, எதையும் விடாமல் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவள் நுழைய ஓர் இடமும் இல்லை. வாய் திறந்தாலே, "தெரியும் கண்ணு" என்று அன்பாகச் சொல்லிவிட்டு அதற்கும் பதில் தந்தார். நாளாக ஆக அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அவர் அதைக் கவனித்தார்.

"நீ ஒரு வார்த்த பேசறதுக்குள்ள நான் நெனப்புல எங்கெங்கயோ போயிட்டு வந்தர்றேன், தர்ஷி. வீட்டுல தனியா இருக்கறாப்ல இருக்குது. பழைய சில்லையே போட்டுரலாம்."

"பைத்தியமா உனக்கு? புதுச் சில்லு பழசுல இருக்கறதப் படிக்கும், பழசு புதுசுல பதிஞ்சதப் படிக்காது. இந்த நாளெல்லாம் உனக்கு ஞாபகத்துலயே இருக்காது."

"நீ ஞாபகம் வெச்சுக்க," என்றார். கண்கள் கலங்கியிருந்தன. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மாற்றினார்கள். வீடு திரும்பும் வழியில், "அந்தக் கடைக்காரரு... சட்ட..." என்று தடுமாறினார். "பச்சை," என்றாள். சிரித்தபடியே அழுதாள். அவருக்குக் காரணம் புரியவில்லை.

சில வாரம் கழித்து, நடைப்பயிற்சி முடித்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பூங்காவுல என்னாட்டம் இருக்கறவங்க எல்லாரும்... புதுச் சில்லு போட்டிருக்காங்க. நம்ம பொருத்திக்கும் வந்திருக்குதுன்னு... நீதான சொன்ன. எனக்கு மட்டும்... ஏன் போடல?"

"போட்டோம் கவின். நீதான் கழட்டச் சொன்ன."

அவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். இத்தனை கால வாழ்வில் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"தெளிவா இருக்கறவன்... அப்படிச் சொல்லுவானா? நான் இப்படியே இருக்கறது... உனக்குத்தான் வசதியா?"

தர்ஷிகா இழுப்பறையைத் திறந்து, கழற்றி வைத்த புதுச் சில்லை எடுத்தாள். அவளுக்காகச் சாட்சி சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார், அதைப் போட்டிருந்தபோது கழற்றச் சொன்ன கவின். அவரை வரவழைக்க அந்தச் சில்லை மறுபடி போட வேண்டும். வந்து அவர் என்ன சொன்னாலும், எதிரே நிற்கும் இந்தக் கவினுக்கு அது ஒருபோதும் கேட்காது.