வலது கையுறை

வேட் கையை நுழைக்கும் முன்பே, கைப்பொம்மைக் கரடியின் வலது கையுறை வெதுவெதுப்பாக இருந்தது.

"கொரின், இதுல யாரு கைய விட்டிருந்தா? இப்பத்தான் கழட்டின மாதிரி இருக்கு."

"விளக்குச் சூடுடா. உன் சோம்பேறிக் கைக்குச் சூடெல்லாம் பழக்கமில்ல."

கனடாவின் வினிபெக் நகரில் பனி கொட்டிய அந்தக் காலையில், படப்பிடிப்புத் தளத்தின் மரவேலிக்குப் பின்னால், கரடியை வேலிக்கு மேலே உயர்த்திப் பிடித்து இருவரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். கொரினின் வலது கை கரடியின் தலைக்குள், இடது கை அதன் இடக்கைக்குள். கரடியின் வலக்கை மட்டும் வேட்டின் பொறுப்பு. வேலிக்கு மேலே என்ன நடக்கிறது என்பதைத் தரையில் கிடந்த சின்னத் திரைதான் சொல்லும்.

இன்று கரடியோடு பேச வேலிமேல் வந்து உட்கார்ந்தது கொரினின் ஐந்து வயது மகள் ஓடெட். குழந்தை முன்னால், கொரின் பேசும் கரடிக் குரலைத் தவிர வேறு குரல் கேட்கக்கூடாது. அவளுக்கு அது ஆறு வருடப் பழக்கம்.

"தும்மல் வருது, ஓடுறேன்," என்று கிசுகிசுத்த வேட், காலிக் கையுறையைக் கரடியின் மார்போடு ஊக்கு குத்திவிட்டுத் தவழ்ந்து போனான்.

பழைய பஞ்சு, விளக்கில் கருகும் தூசி, இவற்றோடு இதுவரை முகராத ஏதோ ஈர வாடையும் கரடிக்குள்ளிருந்து இறங்கி முகத்தில் படிய, மகளின் குதிகால் மரத்தில் தட்டும் சத்தத்தைக் கேட்டபடி கொரின் திரையைப் பார்த்திருந்தாள்.

கன்னத்தில் ஏதோ விழுந்தது.

ஊக்கு. திறந்திருந்தது.

திரையில் கரடியின் வலது கை எழுந்து ஓடெட்டின் முடியைக் கோதியது.

"அருமை! நிறுத்தாதீங்க," என்றார் இயக்குநர்.

வேட்? தூரத்தில், கதவருகே. இரண்டு கையிலும் காப்பிக் கோப்பை.

கொரின் கையை உருவினாள். வரவில்லை. உள்ளே விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன.

"ஓடெட், இறங்கி ஓடு!"

அவள் வாயிலிருந்து வந்தது கரடியின் கட்டைக் குரல். ஓடெட் சிரித்தாள்.

"மாட்டேன் போ!"

"நான்டி! அம்மா!"

"நீ அம்மா இல்ல, கரடி!" தளமே சிரித்தது.

வலது கை குழந்தையின் இடுப்பை வளைத்தது. கரடித் தலைக்குள் கொரினின் விரல்களை யாரோ விரித்தார்கள். கரடியின் வாய் அகலத் திறந்தது.

ஓடெட் அதற்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உள்ள இருக்கியா?"

கொரினின் உதடு அசையவில்லை. மேலே, கரடிக்குள்ளிருந்து, அவளுடைய சொந்தக் குரல் கேட்டது.

"இங்கதான்டி கண்ணு. வா."

மரத்தில் குதிகால் தட்டும் சத்தம் நின்றது.