மூன்றாம் தியேட்டரில் ஆடுவது யார்?

போன் அலறியது.

ஆஸ்பத்திரியின் செக்யூரிட்டி ஆபீசர் தியோடர் பாய்ந்து எடுத்தார்.

"சார்... சீக்கிரம் வாங்க! மூணாவது ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து டாக்டர் க்ளென்... ஆடறாரு!" புதிதாகச் சேர்ந்த நர்ஸ் சுனிதா கத்தினாள்.

"ஆடறாரா? குடிச்சிருக்காரா?"

"தெரியல சார்! கதவுக் கண்ணாடி வழியாத்தான் பாத்தேன். பேஷண்ட் தலைமாட்டுல நின்னு ரெண்டு கையையும் வீசி..."

தியோடர் போனைப் போட்டார்.

அந்த பேஷண்ட்... அவர் மனைவி மௌரீன்!

ரிச்சர்ட்ஸ் டவுன் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தரும் கை. கண்ணாடி கிழித்து, நரம்பு அறுந்து... மைக்ராஸ்கோப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடினார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தார்.

டாக்டர் வீணா சிலையாக உட்கார்ந்து தைக்கிறார். பின்னால் க்ளென்... காற்றாடி போலக் கைகள்!

தொப்பி, மாஸ்க், கவுன் மாட்டினார். உள்ளே பாய்ந்தார். ஒரே அமுக்கு! க்ளென்னைக் கதவோரம் இழுத்துப் போட்டார்.

"ஐயோ... என் தோளு!"

"கொலைகாரா! சொல்லு, யாரு அனுப்பினா?"

"யோவ், விடுய்யா!"

ஙொய்ய்ய்... காற்றுச் சத்தம் இறங்கியது. சுவரில் பச்சை விளக்கு செத்தது. மஞ்சள் எரிந்தது!

"போச்சு!" வீணா தலையைத் திருப்பாமலே கத்தினார். "கதவ மூடுங்க! வெளிக்காத்து வருது! காயத்துல கிருமி புகுந்தா கையே போயிடும்!"

"எ... என்ன மேடம் நடக்குது?"

"கரண்ட் மிச்சம் பண்ண சென்சார் வச்சிருக்காங்க. டேபிள் பக்கம் யாரும் அசையலைன்னா, ரூம் காலின்னு நெனச்சு, வெளிக்காத்தத் தடுக்கிற சுத்தக் காத்தக் கொறச்சிடும். நரம்பு தைக்கிறப்போ நாங்க அசைய முடியுமா? அதான் க்ளென் ஆடினாரு!"

"ஆஃப் பண்ணிடலாமே?"

"பாஸ்வேர்ட் இன்ஜினியர் லாயிட்கிட்ட. அவரு வைட்ஃபீல்ட் டிராஃபிக்ல!"

க்ளென் முறைத்தார். "ரெண்டு தோளையும் முடிச்சிட்டீங்க. இனி யாரு ஆடறது?"

எல்லாக் கண்களும் தியோடர் மேல்!

"நா... நானா?"

"ஸ்வல்ப... கொஞ்சம் சீக்கிரம்!" வீணா அதட்டினார். " கால தூக்காதீங்க, தூசி கெளம்பும். கை மட்டும்!"

தியோடர் ஆடினார். முதலில் டிராஃபிக் போலீஸ் மாதிரி... போகப் போக இடுப்பும் சேர்ந்துகொண்டது.

காற்று சீறியது. பச்சை விளக்கு!

அப்போதுதான்... பச்சைத் துணி மறைப்பிலிருந்து அந்தக் குரல்!

மரத்துப்போனது கை மட்டும்தான். மௌரீன் முழுக்க விழித்திருந்தாள்!

"நம்ம கல்யாணத்துல ஒரே ஒரு டான்ஸ் கேட்டதுக்கு, முட்டி வலிக்குதுன்னீங்கல்ல?" என்றாள். "டாக்டர்... மெதுவாவே தைங்க. எனக்கு அவசரமே இல்ல!"