வக்கீலுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இரவுப் பணி முடிந்து அவள் வீடு வந்து சேரும்போது காலை எட்டு மணி. குனிந்து செருப்பைக் கழற்றவும் தெம்பில்லாமல் காலை உதறிக் கழற்றினாள். வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள். ஆனாலும் உடனே படுத்துவிட முடியாது. அக்கா மகளைக் கிளப்பிப் பள்ளி வண்டியில் ஏற்ற வேண்டும். பிறகு வக்கீலைக் கவனிக்க வேண்டும்.

வக்கீல் என்பது கிளி. யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துக் கத்துவதால் அத்தான் வைத்த பெயர். அக்கா காய்ச்சலில் இறந்துபோய் நான்கு மாதம் கழித்து வாங்கியது. அதுவரை வாயே திறக்காமல் கிடந்த ஐந்து வயதுப் பட்டு, கிளி வந்த மூன்றாம் நாள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகச் சித்தி எத்தனை கடி வேண்டுமானாலும் வாங்கத் தயார்.

பட்டுவை அனுப்பிவிட்டு, கூண்டுத் தட்டில் விரித்திருந்த நாளிதழை மாற்றினாள். கம்பியில் காய்ந்த எச்சத்தைச் சுரண்டினாள். கொய்யாத் துண்டைச் செருகியபோது கிளி தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

"பட்டு, சாப்டியா கண்ணு?"

அவள் கை அப்படியே நின்றது.

அக்காவின் குரல். 'கண்ணு'வை இழுக்கும் அந்த இழுப்பும் அவளுடையதே.

அத்தானிடம் சொன்னதற்கு, கிளி பேசாமல் மாடா பேசும் என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தூங்கச் சொன்னார். பட்டுதான் அம்மாவைப் போலச் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று அவளும் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த வாரம் நகம் வெட்டக் கிளியைக் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். ஒரு தடவை கேட்டதையெல்லாம் கிளி பிடித்துக்கொள்ளாது என்றார் அவர்.

"யாரோ தினமும் பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லிக் குடுக்கறாங்கம்மா. காலைல பத்து மணி வாக்குல நல்லாப் பிடிக்கும். அப்ப வீட்ல யாரு இருப்பா?"

"நான்தான் டாக்டர்." கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "தூங்கிட்டு இருப்பேன்."

மறுநாள் கைபேசியைக் கூண்டுக்குப் பின்னால் பதிவில் போட்டுவிட்டுப் படுத்தாள். மதியம் பட்டு பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டானதும், சமையலறையில் நின்றபடி அதைக் காதில் வைத்துக் கேட்டாள்.

வெகுநேரம் விதை உடைக்கும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

கிளி மழலையாக எதையோ சொன்னது. ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும் நேரத்துக்குச் சும்மா இருந்தது. மறுபடி சொன்னது, இன்னும் தெளிவாக. மறுபடி அதே அளவு இடைவெளி. இப்போது தப்பு வந்த இடத்தை மட்டும் திருத்திச் சொன்னது.

இடைவெளிகளில் எந்தக் குரலும் இல்லை.

கடைசியில் வாக்கியம் முழுதாக வந்தது.

"சித்தி தூங்குறா. சத்தம் போடாம வா."

அவள் கூடத்துக்கு ஓடினாள். வாசல் கதவு திறந்திருந்தது. பட்டு செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு படியில் நின்றிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"அம்மா கூப்பிட்டா."

குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டே கூண்டைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் விட்டாள். கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள், காரணம் சொல்லவில்லை. பட்டு அழுவாள் என்று பயந்திருந்தாள். பட்டு அழவில்லை.

"பரவால்ல சித்தி. இனிமே அம்மாவே வந்து கூப்பிடுவா."

அத்தானைத் தொலைபேசியில் அழைத்தாள். குரலைக் கேட்டே அவர் பதறிவிட்டார், ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்றார். கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்தாள். கதவில் முதுகை அழுத்திக்கொண்டு தரையிலேயே படுத்து, பட்டுவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம். விழித்திருந்தால் போதும்.

கண்ணில் மண் அள்ளிப் போட்டாற்போல எரிந்தது. வார்டின் படுக்கை எண்களை ஒன்றிலிருந்து சொல்லிப் பார்த்தாள். பதினேழில் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

தலைமுடிக்குள் விரல்கள் நுழைந்தன.

நெற்றியிலிருந்து பின்னங்கழுத்து வரை, மெதுவாக. வலிக்கிற இடமெல்லாம் தெரிந்த விரல்கள். எத்தனை மாதமாயிற்று யாராவது இப்படித் தடவிவிட்டு! பட்டுவுக்குத்தான் எவ்வளவு பாசம் என்று நினைத்தாள்.

பட்டுவின் இரண்டு கைகளும் அவள் நெஞ்சுக்கும் குழந்தையின் வயிற்றுக்கும் நடுவே மடங்கிக் கிடந்தன.

அவளுக்குப் பின்னால் இருந்தது பூட்டிய கதவு மட்டும்தான்.

கத்த நினைத்தாள். உதடு அசையவில்லை. விரல்கள் நிற்கவுமில்லை, அவசரப்படவுமில்லை. வேண்டாம் அக்கா என்று மனசுக்குள் கெஞ்சினாள். இமைகள் ஒட்டிக்கொண்டன. தன் பிடி தளர்வது அவளுக்கே தெரிந்தது.

அவள் கைக்குள் பட்டு மெல்ல நெளிந்தாள். பிறகு, சத்தம் போடாமல், எழுந்தாள்.