இருபதாம் பெயர்

மேற்கே கதிரவன் முற்றும் மறையாமலும், கிழக்கே பௌர்ணமிக்கு ஒரு நாள் குறைந்த வெண்மதி முற்றும் எழாமலும், வெள்ளாற்றின் அகன்ற நீர்ப்பரப்பின் மீது செவ்வொளியும் பனியும் ஒன்றோடொன்று கலந்து படர்ந்திருந்த அந்தி வேளையில், தென்கரைத் துறையின் நாணல் புதருக்குப் பின்னால் தன் குதிரையைக் கட்டிவிட்டு, ஓர் இளம் வீரன் படகுக்காகக் காத்து நின்றான். தலைப்பாகை புருவம் வரை இறங்கியிருந்தது. மேலங்கி சற்றுப் பெரிதாகவே தைக்கப்பட்டிருந்தது. வாசகர்களே, உங்களை ஏமாற்ற நமக்கு மனம் வரவில்லை. அந்த வேடம் பகைவர்களுக்காகப் போட்டது, உங்களுக்காக அல்ல. நின்றவன் வீரனல்லன், அனுபமை என்னும் இருபத்திரண்டு வயது மங்கை.

வடகரையில், பனிக்கு மேலே கரிய நிழலாக எழுந்து நின்ற செங்குன்றக் கோட்டைதான் அவள் பிறந்த வீடு. பிறந்த பதினோராம் நாள் அதை அவள் இழந்தாள். அன்றிரவு கோளரி என்ற சிற்றரசன் வஞ்சகத்தால் கோட்டைக்குள் புகுந்தபோது, அதன் தலைவர் நிகரிலி மல்லர் மனைவியையும் குழந்தையையும் இந்த ஆற்றில் படகேற்றி அனுப்பினார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு மல்லன் ஓடிப்போனான் என்று கோளரி ஊர் ஊராகப் பறையறைவித்தான். அனுபமையின் அன்னை அதை நம்பவில்லை. கணவர் இறந்தார் என்றும் நம்பவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக நாள் தவறாமல் விடியலில் கண்ணாடியின் முன் அமர்ந்து குங்குமம் இட்டுக்கொண்டாள்.

பத்து நாட்களுக்கு முன் கோளரியிடமிருந்து ஓலை வந்தது. 'உன் தந்தை உயிரோடு என் சிறையில் இருக்கிறார். பௌர்ணமியன்று நீ மட்டும் தனியே வந்தால் அவரை விடுவிப்பேன்' என்றது ஓலை. அன்னை அன்றே பெட்டியைத் திறந்து பழைய பட்டுச் சேலையை எடுத்து உதறினாள். அனுபமைக்கோ ஓலையை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஆகவே ஒரு நாள் முன்னதாகவே, தன் கண்ணால் தந்தையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆண் வேடத்தில் புறப்பட்டு வந்துவிட்டாள். தந்தையின் முகம் அவளுக்குத் தெரியாது. பார்த்தால் தெரிந்துவிடும் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினாள்.

படகு வந்தது. அதைச் செலுத்தியவர் எழுபதைக் கடந்த கிழவர். ஒரு காலத்தில் மலை போல் இருந்திருக்க வேண்டிய உடம்பு இப்போது கூனிப் போயிருந்தது. இடக்கையில் மூன்று விரல்கள் இல்லை. படகின் முனையில் ஏற்றாத விளக்கு ஒன்று தொங்கியது. அதன் அடியில் சாம்பல் மூடிய கங்குச் சட்டி இருந்தது.

"ஏறு தம்பி. நடுவில் உட்கார். ஓரமாய்ச் சாய்ந்தால் இவள் கோபித்துக்கொள்வாள்" என்று படகைத் தட்டிக் காட்டினார் கிழவர்.

"இருட்டப் போகிறதே பெரியவரே, விளக்கை ஏற்றவில்லையா?" என்று குரலைத் தடிப்பாக்கிக் கேட்டாள் அனுபமை.

"அது உன் போன்றவனுக்கு இல்லை. இளம்பெண் எவளாவது தனியாக வந்தால்தான் ஏற்ற வேண்டுமாம். கோளரியின் கட்டளை. அதோ, வடகரை மருதமரத்துக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நாலு நாளாய்க் கொசுக்கடியில் கிடக்கிறார்கள், பாவம்."

அனுபமை தென்கரையைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் படகு கரையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது.

நடு ஆற்றில் கிழவர் கோலை ஊன்றிப் படகை நிறுத்தினார். எழுந்து நின்று, வடகரையைப் பார்த்து, படைக்களத்தில் பழகிய குரலில் கூவினார்.

"கீழைவேலி நக்கன் காடன்! குரவன்பாடி ஓமன்! குரவன்பாடி ஓரியன்! ஆற்றுப்பாக்கம் தத்தன் சேந்தன்!"

ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் சற்று நிறுத்தி, தலையை ஆட்டி, அடுத்த பெயருக்குப் போனார். பத்தொன்பது பெயர்கள். அதன்பின் மீண்டும் கை உயர்ந்தது, வாய் திறந்தது, குரல் மட்டும் எழவில்லை. கை மெல்லக் கீழே இறங்கியது.

"யார் இவர்கள்? உம்முடைய தோழர்களா?" என்று கேட்டாள் அனுபமை.

"தோழர்களா! எல்லாரும் நான் கொன்றவர்கள். எங்கள் காலத்தில் வாளை வீசுமுன் அவனும் நானும் பெயரும் ஊரும் சொல்லிக்கொள்வோம். மிருகத்தைத்தான் பெயர் கேட்காமல் வெட்டுவார்கள். அப்படிக் கேட்ட பெயர்களில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. கூப்பிட்டால் வருவார்கள், பார்ப்பார்கள், போய்விடுவார்கள். ஒருவன் மட்டும் போக மாட்டேன் என்கிறான்."

"ஏன்?"

"அவனைக் கூப்பிட எனக்குப் பெயர் இல்லை, தம்பி!" கிழவர் வடகரையைக் கையால் காட்டினார். "கோட்டை விழுந்த இரவு. அந்த மருதமரத் துறையில் இடுப்பளவு நீரில் தனியாளாய் நின்றான். சாதாரணக் காலாட்படையின் உடுப்பு. நாங்கள் ஏழு பேர். ஆறு பேரை வீழ்த்திவிட்டான். நான் என் பெயரைச் சொன்னேன், அவன் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டேன். திரும்பி ஆற்றை ஒருமுறை பார்த்துவிட்டு என் மேல் பாய்ந்தான். இந்த விரல்களை அவன்தான் எடுத்தான். கடைசியில் என் வேல் அவன் மார்பில் இறங்கியது. நிலவில் முகத்தைத் தூக்கிப் பார்த்தேன். வலக்கன்னத்தில் கறுப்பாய் ஒரு தீற்றல், இத்தனை அகலம். அதற்குள் வெள்ளம் உடலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கன்னத்தில் கரி தீட்டிக்கொள்ளும் படை எது என்று இந்தப் படகில் ஏறிய வீரன் ஒவ்வொருவனையும் கேட்டுவிட்டேன். எவனுக்கும் தெரியவில்லை. நீயும் வாள் கட்டியிருக்கிறாய். உனக்குத் தெரியுமா?"

அன்னை ஆயிரம் தடவை சொன்ன கதை அனுபமையின் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. படகு புறப்படும் நேரத்தில் தந்தை குனிந்து குழந்தையின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்துக்கொண்டாராம். சற்று முன்புதான் இட்ட திருஷ்டிப் பொட்டு ஈரம் காயாமல் அவர் கன்னத்தில் அப்பிக்கொண்டதாம். 'இனி உங்களுக்கும் கண் படாது' என்று அழுகையினூடே அன்னை சிரித்தாளாம்.

ஆகவே சிறையில் எவரும் இல்லை. கண் திறந்த நாள் முதல் அவள் வளர்த்துவந்த ஆசை அந்த நொடியில் செத்தது. பெயரைச் சொல்லியிருந்தால், ஆற்றில் போகும் படகு யாருடையது என்று பகைவர் அறிந்திருப்பார்கள். அதனால்தான் அவர் வாயைத் திறக்கவில்லை. ஓடவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார், இன்றுவரை.

அவள் கை இடையிலிருந்த கட்டாரியைத் தேடிச் சென்றது. தந்தையை எவனாவது கொன்றிருந்தால் அவனைக் கொல்வேன் என்று பன்னிரண்டு வயதில் கொற்றவையின் முன் சூளுரைத்தவள் அவள். கொன்றவன் இதோ, கைக்கெட்டும் தூரத்தில், விடைக்காக ஏங்கிக்கொண்டு நிற்கிறான். பேசாமல் இருந்தால் தப்பிவிடலாம். உடம்பு சரியில்லை, படகைத் திருப்பும் என்றால் போதும். ஆனால் தந்தை எப்படி மாண்டார் என்று கண்டவன் இவ்வுலகில் இவன் ஒருவன்தான். இவனுக்கும் பெயர் தெரியாவிட்டால், நிகரிலி மல்லர் என்றென்றும் ஓடிப்போனவர்தான்.

அனுபமை குரலை மாற்றிக்கொள்ளவில்லை. தன் சொந்தக் குரலிலேயே பேசினாள்.

"அது எந்தப் படையின் அடையாளமும் அன்று, பெரியவரே. பதினோரு நாள் குழந்தையின் கன்னத்தில் இட்ட திருஷ்டிப் பொட்டு. அந்தக் குழந்தை நான்."

கிழவர் கங்குச் சட்டியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "தாயே, நான் கோளரியின் உப்பைத் தின்றவன்" என்றார்.

"தெரியும். விளக்கை ஏற்றுவதானால் ஏற்றிக்கொள்ளும். அதற்குமுன் பெயரைக் கேட்டுக்கொள்ளும். செங்குன்றத்து நிகரிலி மல்லர்."

கிழவரின் உதடுகள் அந்தப் பெயரை ஓசையின்றி இரண்டு முறை சொல்லிப் பார்த்தன. பிறகு அவர் சட்டியைத் தூக்கி ஆற்றில் கவிழ்த்தார். கங்குகள் சீறி அணைந்தன. அவர் அனுபமையின் முன் மண்டியிட்டு, மார்பின் மேலிருந்த துண்டை விலக்கி, நிமிர்ந்த குரலில் சொன்னார்:

"ஆலம்பாடி சடையன் ஏறன்! சொல்லிவிட்டேன், தாயே. இனி உன் முறை."

உறையிலிருந்து கட்டாரி பாதி வெளியே வந்திருந்தது. அவள் கண்களை நீர் மறைத்தது. கோபமும் இரக்கமும் எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. கட்டாரியை உறைக்குள் தள்ளினாள்.

"உம்முடைய பெயரை நான் கேட்கவில்லை" என்றாள்.

கிழவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"கொற்றவையிடம் நான் வேறு பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நீர் எனக்கு ஒரு வாக்குத் தர வேண்டும். இனி ஒவ்வோர் அந்தியிலும், படகில் யார் இருந்தாலும், அந்தப் பெயரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். அவர் எங்கே, எப்படி நின்றார் என்று கேட்பவருக்கெல்லாம் சொல்ல வேண்டும்."

"கோளரியின் காதில் விழும் நாளில் என் தலை போய்விடும், தாயே."

"அதுவும் தெரியும்."

சடையன் ஏறன் ஆற்று நீரை அள்ளி, விரல் இழந்த கையால் சத்தியம் செய்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் படகைத் தென்கரைக்கே திருப்பினார்.

அனுபமை குதிரையின் மீது ஏறியபோது நிலவு நன்றாக மேலே வந்திருந்தது. நடு ஆற்றிலிருந்து அந்தக் குரல் மறுபடியும் எழுந்தது. கீழைவேலி, குரவன்பாடி, ஆற்றுப்பாக்கம் என்று பத்தொன்பது பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. பிறகு சற்றே அமைதி. அதன்பின், கோட்டைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி, "செங்குன்றத்து நிகரிலி மல்லர்!" என்ற முழக்கம் கேட்டது. எதிர்க்கரையில் மருதமரத்து நிழலில், இடுப்பளவு நீரில், ஏதோ ஒன்று அசைந்து அடங்கியதாக அவளுக்குத் தோன்றியது. மீண்டும் பார்த்தபோது வெறும் நீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. மரத்தின் பின்னால் மட்டும் ஆட்கள் ஓடும் சத்தமும், "கிழவனைப் பிடியுங்கள்!" என்ற அதட்டலும் எழுந்தன. குரல் நிற்கவில்லை. அதே பெயரை இன்னும் உரக்கக் கூப்பிட்டது.

அனுபமை வலக்கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு குதிரையைத் திருப்பினாள். வேகமாகப் போனால் விடியுமுன் வீடு சேர்ந்துவிடலாம். அன்னை கண்ணாடியின் முன் அமர்ந்து குங்குமச் சிமிழைத் திறப்பதற்குள் செய்தியைச் சொல்லிவிடலாம்.

அவள் குதிரையை மெதுவாகவே நடத்தினாள்.